மாமாவின் குரலும் டிக்கியும்

என் மாமனார் கார்களுக்கு டிங்கரிங் வேலை பார்த்தவர். எங்கேயோ மோதி நசுங்கி வரும் கதவையும் பானெட்டையும் சுத்தியலால் தட்டித் தட்டிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவது அவர் தொழில். பட்டறையை விட்டு வெளியே வந்த பிறகும், சுத்தியல் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்பது போலத்தான் பேசுவார். "தண்ணி கொண்டாம்மா" என்று அவர் கேட்டால் எதிர்வீட்டில் சன்னல் திறக்கும். கதவைச் சாத்தினால் அலமாரியில் டம்ளர்கள் குலுங்கும். அத்தை அவருக்கு வைத்திருந்த பெயர் வெண்கலக்கடை யானை.

நான் அதற்கு நேரெதிரான வீட்டிலிருந்து வந்தவள். என் அப்பாவுக்கு நூலகத்தில் வேலை. எங்கள் வீட்டில் சண்டைகூடக் கிசுகிசுப்பாகத்தான் நடக்கும். கல்யாணமான புதிதில் மாமா வாய் திறந்தாலே எனக்குத் தூக்கிவாரிப்போடும். என் வீட்டுக்காரர் உதிரிபாகங்கள் விற்கும் வேலையாக வாரத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார். அந்த நாட்களில் இஸ்திரி மேசையும் பழைய இரும்பு பீரோவும் கிடந்த பின்கட்டு அறைதான் எனக்குப் புகலிடம். துணி மடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு அங்கே போய் உட்கார்ந்துகொள்வேன். மடித்த துணியையே உதறித் திரும்ப மடித்த நாட்களும் உண்டு.

அந்த வருடம் மழை ஓய்ந்த சமயத்தில் ஒருநாள் மாலை, மாமா ஓர் அட்டைப்பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி வந்தார். வலது கையில் துணி சுற்றியிருந்தது. வாசலில் நின்றவர் ஒன்றுமே பேசவில்லை. அதுவே எங்களுக்குக் கலவரமாக இருந்தது.

"என்னங்க ஆச்சு? கையில என்ன கட்டு?" என்றார் அத்தை.

"தப்பு பண்ணிட்டேன்" என்றார் மாமா.

பட்டறைக்குப் பின்னால் ஒரு நசுங்கிய கார் மழைக்காலம் முழுக்கக் கேட்பாரற்று நின்றிருந்தது. அன்றுதான் அதில் கை வைத்திருக்கிறார். டிக்கி திறக்கவில்லை. உள்ளே பார்க்க வழியில்லாமல், மேலே சுத்தியலைப் போட்டு மாற்றி மாற்றி அடித்திருக்கிறார். கடைசியில் மூடி தெறித்துத் திறந்தபோது உள்ளே ஒரு சாம்பல் நிறக் கந்தல் கிடந்தது. கந்தல் கண்ணைத் திறந்து பார்த்தது. கிழிந்த பின்சீட்டு வழியாக எப்போதோ உள்ளே போய்க் குடியிருந்த பூனை.

"அது ஓடக்கூட இல்லம்மா. ஓடியிருந்தா மனசு ஆறியிருக்கும். அப்படியே என்னைப் பார்த்துச்சு. அவ்வளவு அடியும் அது தலைக்கு மேலதான அடிச்சிருக்கேன்."

தூக்கப் போனபோது கையைக் கிழித்திருக்கிறது. கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் வந்திருந்தார். உடம்புக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, பட்டினிதான், பயம் தெளியத்தான் நாளாகும் என்று சொன்னாராம்.

"காரைத் தட்டச் சொன்னா பூனையைத் தட்டிட்டு வந்திருக்கீங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே அத்தை பாலைச் சுடவைக்கப் போனார். பால் வேண்டாம், வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது, மீன் இருந்தால் வேகவைத்துக் கொடுக்கலாம் என்றேன். என் அக்கா ஊரில் உள்ள பூனைகளையெல்லாம் வளர்த்தவள். அவளிடம் கற்ற பாடம். அந்த வீட்டில் யாரும் கேட்காமலே நான் சொன்ன முதல் யோசனை அதுவாகத்தான் இருக்கும்.

பெட்டியைத் திறந்ததும் பூனை பின்கட்டு அறைக்குள் பாய்ந்து பீரோவுக்கு அடியில் போய்விட்டது. டிக்கியில் கிடைத்ததால் அதற்கு டிக்கி என்று பெயர் வந்தது. யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்ததில்லை.

முதலில் அதன் கண்களை மட்டும்தான் பார்த்தோம். தட்டை வைத்துவிட்டு நாங்கள் வெளியே வந்த பிறகுதான் சாப்பிடும். நான் தரையில் பாயை விரித்து, பீரோவுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டு எதையாவது படிப்பேன். ஒருநாள் என் பின்னலை எதுவோ மோந்து பார்ப்பது போலிருந்தது. நான் அசையவில்லை. புத்தகத்தின் பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை. பிறகு மெல்ல மெல்ல என் காலடிவரை வந்தது. அடுத்து, மீன் வாசனையைத் தொடர்ந்து அடுப்படிக்கு, அத்தையிடம்.

ஆனால் மாமாவின் ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பினால் போதும், டிக்கி பீரோவுக்கு அடியில் இருக்கும். அவர் அறை வாசலில் வந்து நின்று, "சாப்பிட்டுச்சா?" என்று கேட்பார். அவரைப் பொறுத்தவரை அது கிசுகிசுப்பு. அந்தக் கிசுகிசுப்பு தெருக்கோடிவரை போகும். உள்ளே டிக்கி இன்னும் சுருங்கி, சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ளும்.

சாப்பிடும்போது ஒருநாள் சொன்னார்: "உயிரோட வெளியே எடுத்தவன் நான். ஆனா இந்த வீட்ல அதுக்கு நான்தான் வில்லன்."

சிரிப்பதற்காகச் சொன்னதுதான். ஆனால் முகம் சிரிக்கவில்லை. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "மாமா, ஒண்ணு சொல்லட்டுமா? தப்பா எடுத்துக்காதீங்க" என்றேன்.

"சொல்லு அம்மாடி."

"உங்க சட்டையில பெயிண்ட் தின்னர் வாசனை வருது. அந்த வாசனை வந்தாலே அதுக்குச் சுத்தியல் ஞாபகம் வரும். அப்புறம் வாசல்ல நின்னு குனிஞ்சு பார்க்கறீங்க. அதுக்கு நீங்க மலை மாதிரி. உள்ள வந்து தரையில உக்காருங்க. அதைப் பார்க்காதீங்க. அது உங்களைப் பார்க்கட்டும்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"சும்மா உக்காரணுமா? அது எனக்கு வராதே!"

சும்மா உட்கார்ந்து பழக்கமே இல்லாத மனிதர். ஆனாலும் மறுநாளிலிருந்து ஸ்கூட்டரைத் தெருமுனையிலேயே அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார். பட்டறைச் சட்டையைக் கொல்லைக் கொடியிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, குழாயடியில் சோப்புத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார். பின்கட்டு அறையில் சுவரைப் பார்த்தபடி சம்மணம் போட்டு உட்கார்வார். சும்மா இருக்க முடியாததால் கையில் செய்தித்தாள். அதில் பழைய கார் விற்பனை விளம்பரங்களை வாய்விட்டுப் படிப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கையை இறக்கிக் காட்டினால் குரலை இறக்குவார். இன்னும் இறக்கினால் இன்னும் இறக்குவார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப பேசறேனா, இல்ல வாயை மட்டும் அசைக்கிறேனா?" என்று கேட்பார். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். வேடிக்கைக்குக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"நான் வாழ்க்கைப்பட்டு வந்ததுலேர்ந்து சொல்லியும் குறையாத சத்தம், ஒரு பூனைக்குக் குறையுது பாரு" என்பார் அத்தை. குரலில் கேலி பாதி, பொறாமை பாதி.

டிக்கி பீரோவுக்கு அடியிலிருந்து தலையை நீட்டியது. பிறகு முன்னங்கால்கள். விரிந்துகிடந்த செய்தித்தாளின் ஓரத்தில் வந்து உட்கார்ந்த அன்று, மாமா கையை முட்டியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடி இருந்தார். வேண்டுதல் செய்வது போல இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் பட்டறைப் பெயிண்டர் வந்தார். மாமாவின் பழைய நண்பர், நல்ல மனிதர். ஆனால் தெரியாது என்று சொல்லத் தெரியாதவர். "பூனைக்குப் போய் இவ்வளவு நாடகமா? பிடரியில பிடிச்சுத் தூக்கினா சரியாயிடும்" என்று நாங்கள் தடுப்பதற்குள் குனிந்து தூக்கிவிட்டார். ஒரு சீறல், ஓர் அலறல். அலறியது பெயிண்டர். பூனை அவர் தோள்மேல் ஏறிக் குதித்து, திறந்திருந்த வாசல் வழியாகப் போயே போய்விட்டது.

மாமா நண்பரைத் திட்டவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கினார். நானும் பின்னால் ஓடினேன். சாக்கடைப் பலகைக்கு அடியில், நிறுத்தியிருந்த வண்டிகளுக்கு அடியில், மதிலுக்கு மதில் குனிந்து பார்த்து, "டிக்கி... டிக்கி..." என்று மெதுவாக, அவ்வளவு மெதுவாகக் கூப்பிட்டுக்கொண்டே போனார். டீக்கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்து, "என்ன மேஸ்திரி, தொண்டை கட்டிக்கிச்சா?" என்று கேட்டார்.

தெரு முழுக்கத் தேடிவிட்டுத் திரும்பியபோது எங்கள் மொட்டை மாடியிலேயே அது இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்கும் தரைக்கும் இடையே உள்ள சந்தில் சாம்பல் நிற வால் தெரிந்தது. மீனுக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

"நீ கீழ போ அம்மாடி. நான் இருக்கேன்" என்றார் மாமா. போய்ச் செய்தித்தாளை எடுத்துவந்து, தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நான் மாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் படியில் உட்கார்ந்துகொண்டேன். போக மனம் வரவில்லை.

மாமா விளம்பரங்களைப் படித்தார். வெளிச்சம் மங்கி எழுத்து தெரியாமல் போனதும் தாளை மடித்து வைத்துவிட்டு, அதே தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தார்.

"உனக்கு என்மேல கோவம். நியாயம்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல பக்கத்துல ஒரு லாரி டயர் வெடிச்சுது. அன்னிக்குப் போச்சு இந்த இடது காது. சொன்னா வேலையை விட்டு அனுப்பிடுவாங்கன்னு சொல்லல. அப்புறம் சொல்லாமலே பழகிப்போச்சு. இப்ப வலதும் இழுத்துக்கிட்டு இருக்கு. நான் பேசறது எனக்குக் கேக்கணும்னா கத்தணும். எல்லாரும் கோவக்காரன்னு நினைக்கிறாங்க. நினைச்சுக்கட்டும். செவிடன்னு தெரியறதுக்குக் கோவக்காரனாவே இருந்துட்டுப் போறேன்."

அதே குரலில் தொடர்ந்தார்.

"வீட்டுக்கு வந்த பொண்ணும் உன்னை மாதிரிதான் பயந்துச்சு. நான் வாயைத் திறந்தா அந்த ரூமுக்குள்ள போயிடும். எனக்குத் தெரியும். அது என்ன தப்பு பண்ணுச்சு? நான் என்ன பண்ணுவேன், சொல்லு."

அப்போது அவர் பேசிக்கொண்டிருந்த சத்தம் அவருக்கே கேட்டிருக்காது. தன் வார்த்தை தன் காதில் விழாமலேயே அவ்வளவையும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கதவிடுக்கில் பார்த்தேன். டிக்கி வயிற்றைத் தரையோடு இழுத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. அவர் விரலை மோந்தது. நகரவில்லை அவர். பட்டறையில் தகட்டின் நசுங்கலைக் கண்ணால் தேடமாட்டார், உள்ளங்கையால் தடவித்தான் கண்டுபிடிப்பார் என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். அந்த உள்ளங்கை இப்போது பூனையின் முதுகில், எடையே இல்லாமல் இறங்கியது.

"அம்மாடி, அங்கதான இருக்க?" என்றார் திரும்பாமல். "இது உள்ளுக்குள்ள மோட்டார் ஓடுதே. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

நான் மெல்ல அவர் வலது காதுப் பக்கமாகப் போய் உட்கார்ந்தேன். "இல்ல மாமா. சுகமா இருந்தா பூனை அப்படித்தான். உறுமிக்கிட்டே இருக்கும்."

"சத்தம் வருமா?"

"வரும்."

"ஓ" என்றார். "எனக்குக் கையிலதான் தெரியுது."

காது விஷயத்தை அத்தையிடம் நான்தான் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. கரண்டியைக் கீழே வைத்து அடுப்பை அணைத்தார். பிறகு, "படுத்தப்புறம் நான் ஏதாவது பேசினா பதிலே வராது. வலது பக்கமாத் திரும்பிப் படுத்துப்பார். நல்ல காது தலகாணில. நான் பேசறது பிடிக்கல போலன்னு பேசறதையே விட்டுட்டேன்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய் அவரைப் பிடிபிடி என்று பிடித்தார். அந்த வீட்டில் அன்று சத்தம் போட்டது அத்தை ஒருவர்தான். மாமா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டதா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு, அவருடைய நல்ல காது மேலே இருக்கும்படி அத்தை கட்டிலில் பக்கம் மாறிப் படுத்தார். அவர்கள் அறையிலிருந்து பேச்சுச் சத்தம் வர ஆரம்பித்தது.

என் வீட்டுக்காரர் ஊரிலிருந்து வந்ததும் அப்பாவை அழைத்துக்கொண்டு போய்க் காதுக்கு மிஷின் வாங்கி மாட்டினார். அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தவர், முதல் வேலையாக மின்விசிறியை அண்ணாந்து பார்த்து, "இது ஏன் இப்படிக் கத்துது?" என்றார். பசியோடு வந்து காலைச் சுற்றிய டிக்கி கத்தியதும் திடுக்கிட்டு ஓரடி பின்னால் போனார்.

"இத்துணூண்டு பூனைக்கு இவ்வளவு தொண்டையா? யாரைப் பார்த்துக் கத்துக்கிச்சு?"

"வேற யாரை?" என்றார் அத்தை.

நான் எத்தனையோ வீடுகளில் குடியிருந்துவிட்டேன். ஆனால் வீடு என்று நினைத்தால் எனக்கு அந்த வருடத்து மாலைகள்தான் வருகின்றன: கொல்லைக் கொடியில் ஈரம் சொட்டும் பட்டறைச் சட்டை, அடுப்படியில் வேகும் மீன், தெருமுனையில் ஸ்கூட்டர் அணையும் அந்தச் சின்ன அமைதி. டிக்கி அந்த அமைதிக்காகவே காத்திருந்து மதில்மேல் ஏறும். மாமா வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்தபடி, வாலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும். பீரோவுக்கு அடியில் அதன் பிறகு தூசிதான் சேர்ந்தது.

என் வீட்டுக்காரருக்கு வேலை மாற்றலானதும் நாங்கள் வேறு ஊருக்கு வந்துவிட்டோம். டிக்கி நல்ல ஆயுசு இருந்து, ஒரு மழைநாளில் மாமாவின் மடியிலேயே போனது. போனில் அத்தைதான் சொன்னார். மாமா வேலையை விட்ட பிறகும் பழக்கம் விடாமல் பட்டறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் அவரே கூப்பிட்டார்.

"அம்மாடி, இங்க கறுப்பா ஒண்ணு சுத்திக்கிட்டு இருக்கு. கிட்டவே வரமாட்டேங்குது."

"கொஞ்ச நாள் பாருங்க மாமா. வரும்."

வரவில்லை. அவர் வைக்கும் சோற்றைத் தின்றுவிட்டு, எட்டி நின்றே அவரைப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது, கடைசிவரை. அதைப்பற்றி நான் வருத்தமாகக் கேட்டபோது, "வராட்டி என்னம்மா? சாப்பிடுதுல்ல" என்றார். மீன் விலையைப்பற்றி அத்தையிடம் ஏதோ சொல்லிக்கொண்டே போனை வைத்தார்.