பத்திரமாக ஒரு பாஸ்போர்ட்

சென்ற திங்கட்கிழமை, கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கும் வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றேன். கல்லூரியில் முப்பது ஆண்டு பணியாற்றிய எனக்கு அது புதிது. இதுவரை பிறர்தாம் என் கையெழுத்துக்காக வரிசையில் நின்றிருக்கிறார்கள்.

மனு என்னுடையதன்று; உடன் நின்ற வதனியுடையது. இலங்கையிலிருந்து வந்தவள். எங்கள் அகதி முகாமில் மற்றவர்கள் படகில் தப்பி வந்தவர்கள்; இவள் மட்டும் பாஸ்போர்ட், விசாவோடு விமானத்தில் வந்து உறவினருடன் சேர்ந்தவள். ஆனால் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே இருப்பது — ‘பயண ஆவணமின்றி வந்தவர்’. அந்த வரி இருக்கும்வரை அவள் திருட்டுத்தனமாக நுழைந்தவள். ஊர் திரும்ப நினைத்தாலும் அது குறுக்கே நிற்கும்.

அந்த வரிக்குக் காரணம் யார்? நான்தான்.

ஆய்க்குடி சாலையில் மூடிக் கிடந்த கல்யாண மண்டபத்தை முகாமாக மாற்றிய குழுவுக்கு நான் தலைவர். வெள்ளையடித்தோம். குழாய் பதித்தோம். குடும்பத்துக்கு ஓர் அறையாகத் தடுப்புக் கட்டினோம். வருகிறவர்களின் ஆவணங்கள் தொலையாதிருக்க, அனைத்தும் என் வீட்டுப் பீரோவில் இருக்கட்டும் என்றும் முடிவெடுத்தேன். எவரும் கேட்கவில்லை, நானே முடிவெடுத்தேன்.

வயரிங் வேலையில் இருந்த சாகுல் ஏணியிலிருந்து இறங்கி வந்தான். வளைகுடாவில் உழைத்துத் திரும்பியவன்.

“அண்ணாச்சி, அது அவங்க கையிலயே கெடக்கட்டும். எங்க அரபியும் பத்திரமா இருக்கட்டும்னுதான் பாஸ்போட்ட வாங்குனான். ஒம்போது வருசம் பீரோவத் தெறக்கல.”

“ஏலே, நானும் ஒன் அரபியும் ஒண்ணாலே?”

“ஒண்ணுன்னு சொல்லுவனா? அவன் ரசீதாவது குடுத்தான்.”

குழுவினர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அகதிகள் முகாமுக்கு வந்த அன்று எல்லோரும் இருந்ததைக் கொடுத்தார்கள். வதனி மட்டும் தயங்கினாள். “ஐயா, இது என்ர கையிலயே இருக்கட்டுமே...”

“என்மேல் நம்பிக்கை இல்லையா அம்மா?” என்றேன். வந்து இறங்கிய ஊரில், குழுத் தலைவர் இப்படிக் கேட்டால் யார்தான் ‘இல்லை’ என்பார்? கொடுத்துவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து, முன்னறிவிப்பின்றி அதிகாரிகள் ஆவணச் சரிபார்ப்புக்கு வந்தார்கள். நானோ சாரல் சீசன் என்று குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, ஐந்தருவியில் நின்றேன். செல்போன் காரில். பீரோ சாவி இடுப்பு வேட்டியில் முடிந்திருந்தது — வேறொருவர் கையில் கொடுப்பேனா என்ன?

வதனி என் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அதிகாரிகள் நண்பகல்வரை பொறுத்தார்கள். பிறகு, கண்ணால் பார்த்ததை எழுதிக்கொண்டு போனார்கள்.

திங்களன்று எங்கள் முறை வந்தது. பாஸ்போர்ட்டைப் புரட்டிய அதிகாரி கேட்டார்: “இவ்வளவு தெளிவா முத்திரை இருக்கே... அன்னைக்கு ஏம்மா காட்டல?”

வதனி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் பேச வேண்டிய இடம் அது. பக்கத்து மேசைகளில் என் முன்னாள் மாணவர்கள் இருவர். நான் வந்ததும் எழுந்து வணங்கியவர்கள். அவர்கள் காதில் விழும்படி, ‘தவறு என்னுடையது’ என்று சொல்வதா? தொண்டையைச் செருமினேன்... அவ்வளவுதான்.

“என்ர கவனக்குறைவுதான் சேர்” என்றாள் அவள். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.

ஆக, அவளைப் பற்றி அரசாங்கத் தாளில் இப்போது இரண்டு பொய்கள். இரண்டும் என் உபயம்.