ஓரத்தில் பட்ட பந்து

மூத்தவள் தையல்காரி. இளையவள் தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவள். அண்ணன் தம்பி இருவருக்கும் வாழ்க்கைப்பட்டு, ஒரே மாடியில் குடியிருந்து, ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் பேசாமலே காலம் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

காரணம் ஒரு சட்டை. மூத்தவள் ஆசை ஆசையாகத் தைத்துக் கொடுத்தது. தோளில் பிடிக்கிறது என்று இளையவள் அதை எதிர்வரிசைத் தையல்கடைக்காரனிடம் கொடுத்து, பிரித்துத் தைத்து வாங்கிவிட்டாள். தெருவே பார்க்கும்படி அதைப் போட்டுக்கொண்டு வேலைக்கும் போனாள். ஒரு தையல்காரிக்கு இதைவிட மூக்கறுப்பு வேறென்ன வேண்டும்? அன்றைக்கு மூடிய வாய்தான். உப்பு வேண்டுமென்றால்கூட மூத்தவள் சுவரைப் பார்த்து, "இந்த வீட்டுல உப்பு எங்க இருக்குன்னு உனக்காவது தெரியுமா?" என்று கேட்பாள். இளையவள் டப்பாவை ணங்கென்று வைத்துவிட்டுப் போவாள்.

கீழே கணவன்மார்களின் ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் கடை. ஒருநாள் சினிமா தியேட்டரிலிருந்து ஒரு வீடியோ கேம் பெட்டி வந்திறங்கியது. பீரோ உயரம். கறுப்புத் திரை, நடுவே புள்ளிக் கோடு, இரண்டு பக்கமும் தீக்குச்சி போல ஒவ்வொரு வெள்ளை மட்டை, அவற்றுக்கிடையே போய்வர ஒரு சதுரப் பந்து. மட்டையை மேலும் கீழும் நகர்த்த ஆளுக்கொரு திருகு. ஆடிக்கொண்டிருக்கும்போதே இடது மட்டை திடீரென்று நின்றுவிடுகிறதாம். பிரித்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது.

"ரெண்டு பேர் விடாம ஆடிப் பாத்தாத்தான் எப்ப நிக்குதுன்னு தெரியும்," என்றார் அண்ணன். அதற்குள் பள்ளிக்கூடத்து ஒலிபெருக்கி மக்கர் பண்ணுகிறது என்று ஆள் வந்து நின்றது. அண்ணன் மாடிப்படியடியில் நின்று, யாரென்று குறிப்பிடாமல், "யாராவது ரெண்டு பேர் வந்து ஆடிப் பாருங்க, நாங்க வந்துடறோம்!" என்று பொதுவாகக் குரல் கொடுத்துவிட்டு, தம்பியையும் இழுத்துக்கொண்டு கம்பி நீட்டிவிட்டார்.

வீட்டில் இருந்ததே இரண்டு பேர்தான்.

இறங்கி வந்து ஆளுக்கொரு திருகைப் பிடித்தார்கள். எடுத்த எடுப்பிலேயே மூத்தவள் திணறிப்போனாள். பந்து மேலே போனால் இவள் மட்டை கீழே. அவசரமாகத் திருகினால் பந்தைத் தாண்டிப் போய் முட்டி நிற்கும். இளையவளுக்கோ நாள் முழுக்க முத்திரை குத்திப் பழகிய கை. வந்த பந்தையெல்லாம் டொக் டொக்கென்று திருப்பிவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அந்த அடக்கிய சிரிப்பைப் பார்க்கத்தான் மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாவது ஆட்டமும் கைவிட்டுப் போனபோது, அவள் பந்தை விட்டுவிட்டு எதிராளியின் மட்டையைப் பார்த்தாள். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் அது நடுவுக்கு வந்து நின்றது. அட, நான்தான் பந்துக்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கிறேனா! இன்னொன்றும் கண்ணில் பட்டது. மட்டையின் நடுவில் பட்ட பந்து நேராகத் திரும்பியது. ஓரத்தில் பட்டது சாய்வாக எகிறியது. அவள் திருகை முறுக்குவதை நிறுத்தினாள். துணியில் ஊசியை இறக்கத் தையல் மெஷின் சக்கரத்தைக் கையால் மெல்ல உருட்டுவாளே, அந்தப் பதத்தில் உருட்டினாள். மட்டை சொன்ன பேச்சைக் கேட்டது. பந்து அதன் நுனியில் உரசி, திரையின் மேல்விளிம்பில் மோதி, இளையவளின் மட்டைக்கு அடியில் நழுவிப் போயிற்று.

"ஐயோ, அது எப்படிக்கா?"

இளையவளுக்கு வாய் தவறி வந்துவிட்டது.

"ஓரத்துல வாங்கணும்," என்றாள் மூத்தவள்.

"ஓரத்துல அடிக்கிறதாலதான் நமக்கு ஓரகத்தின்னு பேரு வெச்சாங்க போல."

மூத்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த கையோடு மனதில் கிடந்ததையும் கொட்டிவிட்டாள். "தோள்ல பிடிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே பிரிச்சுக் குடுத்திருப்பேன்ல?"

"சொன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுப்பீங்கன்னு பயந்தேன்."

"சொல்லாததுக்கு மட்டும் என்ன, உன்னைக் கொஞ்சினேனா?"

"அவன் தைச்சதும் கையத் தூக்கினா பிடிக்கத்தான் செய்யுது," என்றாள் இளையவள் சன்னமாக.

"பிடிக்கும். அவனுக்குக் கைக்குழி வெட்ட வராது. எடுத்து வை, நாளைக்குப் பாக்கறேன். இப்ப ஆடு!"

கணவன்மார்கள் திரும்பியபோது தெருமுனை வரைக்கும் கூச்சல் கேட்டது. "போச்சு, முடியப் பிடிச்சுக்கிட்டாங்க போலிருக்கு!" என்று தம்பி ஓட்டமாக ஓடிவந்தான். உள்ளே இருவரும் திரையில் மூக்கு இடிக்க, "பட்டுச்சு!" "படலை!" என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். மாடியில் அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை.

"மட்டை எப்ப நின்னுச்சு?" என்று கேட்டார் அண்ணன்.

"எந்த மட்டை?" என்றாள் மூத்தவள்.

மறுநாள், திருகுக்கு அடியில் ஒரு கம்பி விட்டு விட்டுத் தொடுவதைத் தம்பி கண்டுபிடித்துச் சரிசெய்தான். ஆனால் பெட்டி நகரவில்லை. "இன்னும் லேசாத் திக்குது மாமா, அனுப்பிடாதீங்க," என்று இளையவள் தினமும் ஒரு குறை சொன்னாள். "ஆமாங்க, எனக்கும் அப்படித்தான் தெரியுது," என்று மூத்தவள் ஒத்து ஊதினாள். கடைசியில் தியேட்டர் மேனேஜரே நேரில் வந்து பெட்டியைக் கையோடு கொண்டுபோனார்.

அப்புறம் என்ன, விடுமுறை தோறும் நால்வருமாகப் படத்துக்குக் கிளம்பினார்கள். ஆண்கள் உள்ளே போய் உட்கார்வார்கள். பெண்கள் அந்தப் பெட்டி நிற்கிற வாசல் கூடத்தோடு சரி. அங்கே ஆட வந்தவர்களையெல்லாம் மூத்தவள் ஒருகை பார்த்தாள். தன்னை மிஞ்ச ஆளில்லை என்று மார்தட்டிக்கொண்டிருந்த படம் ஓட்டுகிறவர்கூட, ரீல் மாற்ற வேண்டும் என்று பாதி ஆட்டத்தில் நழுவினார். "இப்பத்தானேங்க மாத்திட்டு வந்தீங்க?" என்று இளையவள் கூடமே கேட்கும்படி கேட்டாள்.

இரண்டு பேரில் யார் கெட்டிக்காரி என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. ஒருமுறை ஆசைப்பட்டுத் தீர்ப்பு சொல்லப்போன கணவன்மார்கள் இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அதிலிருந்து அவர்கள் படத்தைப் பார்த்தோமா, வீட்டுக்கு வந்தோமா என்று இருக்கிறார்கள்.