யார் முகத்தைப் பார்த்தாள்

உலகம்மாளின் தலைப்பிள்ளை செத்துப் பிறந்த நாளிலிருந்து, தென்காசியில் வீடு வீடாகப் பிரசவம் பார்க்கும் நர்ஸ் ஞானபாக்கியத்துக்குச் சோறு இறங்கவில்லை. கை கழுவும்போதெல்லாம் அந்தப் பிரசவத்தை முதலிலிருந்து நினைத்துப் பார்த்தாள். எங்கே பிசகினேன்? இந்த வேலைக்கே நான் லாயக்கில்லையோ?

ஒருநாள் பிடிபட்டது. அன்று அறைக்குள் நின்ற உலகம்மாளின் மாமியார், "இன்னும் என்னத்தப் பாத்துக்கிட்டிருக்கிய? முக்கச் சொல்லுங்க!" என்று அதட்டினாள். கர்ப்பவாய் முழுசாகத் திறக்கவில்லை என்று தெரிந்தும், அந்த முகத்துக்குப் பயந்து ஞானபாக்கியமும் "முக்கு, முக்கு" என்று கத்தினாள். நேரத்துக்கு முன்பே முக்கி முக்கி உலகம்மாள் துவண்டுபோனாள். பிள்ளை உள்ளேயே அடங்கிவிட்டது.

அதன் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஆட்களை வெளியே அனுப்பினாள். திட்டு வாங்கினாள். பிள்ளைகள் வீறிட்டுக்கொண்டு பிறந்தன. அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

1958 ஆடிச் சாரலில் மறுபடி உலகம்மாளுக்கு வலி கண்டு, ஆள் வந்தது. அதே அறை, அதே மாமியார். ஞானபாக்கியம் கதவருகில் போய் நின்றாள்.

"ஆச்சி, வெளிய போங்க. நான் சொல்லுத வரைக்கும் யாரும் உள்ள வரக் கூடாது."

கதவைச் சாத்தினாள். பாயில் கிடந்த உலகம்மாள் அவள் கையை இறுகப் பிடித்தாள்.

"அன்னைக்கே இதச் சொல்லியிருக்கக் கூடாதா, நர்சம்மா?"