பெடலின் மேல் ஒரு கால்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. நடந்தது ராத்திரியில்கூட இல்லை. போன ஆவணியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

என் பெயர் ரத்தினவேல். சொந்த ஊர் சாத்தூர். ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பதினொரு வருடமாக வேலை. கல்யாணம் ஆகவில்லை. பக்கத்தில் மத்திகிரியில் ஒற்றை அறையில் இருக்கிறேன். ஷிஃப்ட் நாட்களில் ஒன்றும் தெரியாது. ஞாயிறு வந்தால் பேச ஆள் கிடையாது. அதற்காகத்தான் பழைய கார் ஒன்று வாங்கினேன். கையில் வேலை இருந்தால் பொழுது எப்படியோ போய்விடும்.

1971 மாடல் ஃபியட். கிருஷ்ணகிரியில் சத்யப்ரியா என்ற டீச்சரிடம் வாங்கியது. அவருடைய அப்பாவின் கார். ஒன்பது வருடம் வீட்டு ஷெட்டிலேயே நின்றதாம். லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, ஓசூரில் மூடிக்கிடந்த ஒரு சின்னக் கம்பெனியின் ஷெட்டில் நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் ஒரு மெஷின் சத்தம் இருக்காது. வாட்ச்மேன் கிருஷ்ணப்பன் மட்டும் கேட்டில் உட்கார்ந்திருப்பார்.

முதலில் பிரேக் வேலை. பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸ் மூன்றும் வெடித்திருந்தன. வளைத்தால் பொடியாக உதிர்ந்தது. ஹோஸையும் இரும்புக் குழாயையும் இணைக்கும் நட்டுகள் துருவேறி ஒரே கட்டியாக இறுகியிருந்தன. இரண்டு ஞாயிறு எண்ணெய் விட்டு ஊறவைத்தேன். சூடு காட்டினேன். ஒன்றை அறுத்தே எடுத்தேன். மூன்றாவது ஞாயிறு, புது ஹோஸ்களை மாட்டி முடித்தபோது மணி 2.50.

மிச்சம் ஒரே வேலை. குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிப்பார். இன்னொருவர் சக்கரத்தின் பின்னால் படுத்து ஒரு சின்னத் திருகைத் திறந்து மூடுவார். மூடும்வரை மிதித்தவர் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போய்விடும்.

என்னோடு வேலை செய்யும் விமல்ராஜ் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான்.

3.05. பின்சக்கரத்துக்கு அருகே படுத்திருந்தேன். தலைக்கு மேலே சீட் ஸ்பிரிங் சத்தம்... க்ரீச்.

“வந்துட்டியா? மிதி,” என்றேன்.

டொக். பெடல் இறங்கியது. திருகைத் திறந்தேன். அதில் மாட்டியிருந்த டியூப் வழியாகப் பாட்டிலுக்குள் குமிழ் குமிழாகக் காற்று வந்தது. திருகை மூடினேன்.

“விடு.”

பெடல் ஏறியது.

இப்படியே மூன்று சக்கரம் முடித்தோம். விமலுக்கு வாய் ஓயாது. அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. லீவு நாளில் கூப்பிட்ட கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவன் பைக் சத்தம் கேட்ட ஞாபகமும் இல்லை.

3.40. கடைசிச் சக்கரம். “மிதி,” என்றேன். டொக்.

திருகு அசையவில்லை. அதுவும் துருவில் இறுகியிருந்தது. தட்டினேன். எண்ணெய் விட்டேன். மறுபடி தட்டினேன். பதினைந்து நிமிடமாவது போயிருக்கும். ஒருவழியாகத் திறந்ததும் பிரேக் ஆயில் வேகமாகப் பீய்ச்சி அடித்தது.

அவ்வளவு நேரமும் பெடலை விடாமல் மிதித்திருக்கிறான்.

யாரால் முடியும்?

3.58. போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன்.

விமல்ராஜ்.

“அண்ணா, திடீர்னு ஓ.டி.க்குக் கூப்ட்டுட்டாங்க. இப்பதான் நம்ம கம்பெனி கேட்டத் தாண்டறேன். இனிமேட்டு வரட்டுங்களா?”

போனைத் தரையில் வைத்தேன்.

கையில் ஸ்பேனர். திருகு திறந்தபடி இருந்தது. பெடல் ஏறும் சத்தம் வரவில்லை...

மேலே, சீட்டிலிருந்து ஒரு குரல். வயதான பெண் குரல். களைத்துப்போன குரல்.

“விடட்டுங்களா?”

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. முழங்கை கிழிந்திருந்தது. கிருஷ்ணப்பன் தண்ணீர் கொடுத்தார். “மத்தியானத்துல இருந்து ஒரு ஈ காக்கா உள்ள வர்ல சார். நான் இங்கயேதான இருக்கறேன்,” என்றார்.

மறுநாள் விமலைக் கூட்டிக்கொண்டு போனேன். சீட் காலியாக இருந்தது. பெடல் மட்டும் தரையோடு தரையாக அமுங்கிக் கிடந்தது. இருவரும் கையால் இழுத்தோம். வரவில்லை. உள்ளே ஏதோ சிக்கியிருக்கும் என்றான் விமல்.

சாயங்காலம் சத்யப்ரியாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டார். பிறகு சொன்னார்.

“எங்கப்பா அந்தக் காருக்கு அடியிலதாங்க போனாரு.”

ஒன்பது வருடம் முன்பு. பிரேக்கில் காற்றெடுக்கும் வேலை. அம்மாவைச் சீட்டில் உட்காரவைத்து, “நான் சொல்லும்வரை காலை எடுக்காதே” என்றிருக்கிறார். கீழே படுத்தவருக்கு மாரடைப்பு. சின்னச் சத்தம்கூட வரவில்லை. நட்டு இறுகிவிட்டது, மல்லுக்கட்டுகிறார் என்று அம்மா நினைத்துக்கொண்டார். வேலை நடுவே பேசினால் அவருக்குக் கோபம் வருமாம். சத்யப்ரியா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது 5.15க்கு.

“மூணு மணி நேரங்க. மிதிச்ச காலு மிதிச்சபடி. அப்பா சில்லிட்டுப் போயிருந்தாரு. என்னப் பாத்ததும் அம்மா, ‘அப்பா எதுவும் சொல்ல மாட்டேங்கறாரு, நீ கேளு’ன்னாங்க.”

அம்மா இப்போது எங்கே என்று கேட்டேன்.

“போன வருசம் தவறிட்டாங்க.”

புதன்கிழமை ஷெட்டுக்குத் தனியாகப் போனேன். அடியில் போய்ப் படுக்கத் துணிவு வரவில்லை. கார் கதவைத் திறந்து நின்றேன். காலியான சீட்டைப் பார்த்து, “விடுங்கம்மா,” என்றேன்.

மூன்று முறை சொன்னேன்.

பெடல் மேலே வரவில்லை.