ஏழாவது வருஷத்துப் பை

எங்கள் தெருவிலிருந்து ஆவணி மாதம் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்குக் காவித் துணியில் தோள்பை தைத்துக் கொடுப்பது நான்தான். எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு மிஷினில் உட்கார்ந்தவள். கடலூர் முதுநகரில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். ஆடி முடிந்து ஜாக்கெட் துணிகள் குறைந்ததும் காவித் துணிக்கட்டு வந்து இறங்கும். அதை விரித்து வெட்டத் தொடங்கினால் போதும், எனக்குள் ஒரு சாலை ஓட ஆரம்பித்துவிடும்.

அந்தச் சாலை எனக்குப் பஸ் ஜன்னல் வழியாகத் தெரியும். சிதம்பரத்தில் பிறந்து கடலூரில் வாழ்க்கைப்பட்டவள் நான். பொங்கலுக்கும் சாவுக்கும் அதே ரோட்டில்தான் போய் வந்திருக்கிறேன். கால் பெடலை மிதித்துக்கொண்டிருக்கும், நானோ செம்மங்குப்பத்துப் புகைக்கூண்டுகளைத் தாண்டிக்கொண்டிருப்பேன். ஆலப்பாக்கம் வரும். புதுச்சத்திரத்தில் கடல் காற்று வந்து துணியைத் தூக்குவதுபோல் இருக்கும். வயல்களுக்கு மேலே கோபுரம் முதலில் ஒரு நகக்கண் அளவுக்குத் தெரியும், அப்புறம் நிமிர்ந்து நிற்கும். சிதம்பரம் தாண்டினால் எனக்கு வழி தெரியாது. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் எல்லாம் வெளுத்த மேகம்தான். நூல் தீர்ந்து மிஷின் நின்றதும், நான் வீட்டில்தான் இருக்கிறேன் என்பது ஞாபகம் வரும்.

நடப்பவர் என் வீட்டுக்காரர். எங்கள் பெண் ஏழாம் மாசத்திலேயே பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது வேண்டிக்கொண்டார். ஏழு வருஷம் வெறுங்காலோடு நடந்து வருகிறேன் என்று. நாங்கள் மாதா கோயில்காரர்கள் இல்லை. ஆனால் இந்தத் தெருவில் அதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் மாலை போடுவார்கள். போட்ட நிமிஷத்திலிருந்து காலில் செருப்புக் கிடையாது. ஆறு வருஷம் நடந்து முடித்திருந்தார். நான் சொல்வது போன வருஷத்துக் கதை, ஏழாவது.

அவர் நடப்பார், நான் பை கட்டுவேன். பை கட்டுவது என்றால் எனக்குப் பயப்படுவது. டார்ச் லைட்டை வைக்கும்போது ஒரு லாரி வரும். பிளாஸ்டிக் கோட்டை வைக்கும்போது மழை வரும். பேதி மாத்திரை, வலி மாத்திரை, குடை, கூடுதலாக ஒரு வேட்டி, அந்த வேட்டியும் நனைந்துவிட்டால் என்று இன்னொன்று. என் தம்பி சிதம்பரத்தில் குட்டி யானை லோடு வண்டி ஓட்டுகிறான். நடக்கிறவர்களின் சாமான்களை ஏற்றிக்கொண்டு பின்னாலேயே போவது அவன் வண்டிதான்.

"இன்னாக்கா, மாமா வேளாங்கண்ணிக்குப் போறாரா, துபாய்க்குப் போறாரா?" என்று வருஷா வருஷம் கேட்பான்.

"அவ அப்படித்தான் மச்சான். பாலத்துல ஏறுனா பாலம் உடையும், எறங்குனா ரோடு உடையும் அவளுக்கு" என்பார் இவர்.

புறப்படுவதற்குப் பத்து நாள் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வண்டி விஷயம் பேசத் தம்பி வந்திருந்தான். இரண்டு பேரும் கீழே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சோறு வைக்கக் குனிந்தேன். சம்மணம் போட்டிருந்த இவருடைய வலது பாதத்தில் நீலமாக ஒரு புள்ளி. காகிதத் துணுக்கு என்று தட்டப் போனேன். தட்டியும் விழவில்லை. என் குண்டூசி. தலையில் நீல மணி வைத்தது. துணியில் குத்துவதற்கு மாரில் செருகிக்கொண்டே திரிகிறேன், எத்தனை விழுந்ததோ. விரலால் பிடித்து இழுத்தேன். வந்தது, வந்தது, முழு ஊசியும் வந்தது.

"இன்னா, எறும்பா?" என்றார் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஆமா" என்றேன்.

இரண்டு வருஷமாக அவருக்குச் சர்க்கரை. பாதம் மரத்துப்போகும் என்று கேள்விப்பட்டிருந்தேன். வராததற்கெல்லாம் கத்தியவள் நான். வந்து நின்றபோது எனக்குச் சத்தம் வரவில்லை. அடுப்படிக்குப் போய் ஊசியை முந்தானையில் துடைத்தேன். பித்தவெடிப்புக்கு என்று பொய் சொல்லி, அன்று மாலையே காலில் மருந்து தடவிவிட்டேன்.

அப்புறம் இரண்டு நாள் மிஷினில் உட்கார்ந்தால் அந்தச் சாலையில் லாரி இல்லை, மழை இல்லை. கோபுரம்கூட இல்லை. வெறும் தரைதான் நகர்ந்துகொண்டே இருந்தது. தாரில் பதிந்த சோடா மூடி, கருவேல முள், உடைந்த டியூப்லைட். அதன்மேல் இரண்டு பாதங்கள் ஒன்றும் தெரியாமல், தூக்கத்தில் நடப்பதுபோலப் போய்க்கொண்டிருந்தன. நான் பின்னாலேயே போய் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டேன். பை நிறையவே இல்லை. விழித்துக்கொண்டு நிஜப் பையைப் பார்த்தால் பஞ்சு, பிளாஸ்டர், மஞ்சள் மருந்து என்று மேலே மேலே அடுக்கியிருந்தேன். எதை வைத்து என்ன? வலித்தால்தானே எடுத்துப் போடுவார்.

தம்பி இவரிடம் போனில் கேட்டான்: "அக்காவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா மாமா? ரெண்டு நாளா ஒண்ணுத்துக்கும் பயப்படலியே."

செவ்வாய்க்கிழமை அவர் கம்பெனியிலிருந்து வந்து கால் கழுவிவிட்டு உட்கார்ந்ததும், துணியில் கோடு போடும் சாக்பீஸை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

"காலை நீட்டுங்க. கண்ணை மூடுங்க."

"அளவெடுக்கிறியா? பாதத்துக்கு ஜாக்கெட்டா?"

"மூடுங்களேன். நான் எங்க தொடுறேன்னு சொல்லணும்."

பெருவிரலுக்குக் கீழே தொட்டேன். "குதிகால்" என்றார். பாதத்தின் நடுவில் ஒரு கோடு இழுத்தேன். யோசித்து, "சுண்டுவிரல்" என்றார். வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் எல்லாம் மங்கலாக, தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் இருந்தது. இடது காலில் மேலிருந்து கீழாக, குறுக்காக, ஜாக்கெட் துணியில் வரைவதுபோல் வரைந்துகொண்டே போனேன். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு, குழந்தை கண்ணாமூச்சி ஆடும்போது வருமே, அது.

"உம், தொடு."

சாக்பீஸ் போய்க்கொண்டேதான் இருந்தது.

"தொடுடி. எவ்ளோ நேரம்?"

கண்ணைத் திறந்தார். இரண்டு பாதங்களும் வெள்ளைக் கோடுகளாக இருந்தன. காலை மடக்கித் தூக்கிப் பார்த்தார். ஒரு கோட்டைக் கட்டைவிரலால் அழித்தார்.

"எப்பத்திலேர்ந்து தெரியும் உனக்கு?"

"ஞாயித்துக்கிழமை. அது எறும்பு இல்ல. என் குண்டூசி. முழுசா உள்ள இருந்துச்சு."

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நல்லவேளை, சீழ் வைக்கவில்லை. வீட்டுக்குள்கூடச் செருப்போடுதான் நடக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். இவர் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து மாலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்று சாயங்காலம் தம்பி வந்தான்.

"வண்டியில வா மாமா. முன் சீட்டு உனக்குத்தான்."

"வண்டியில போறதுக்கா வேண்டிக்கிட்டேன்? இந்த ஒரு வருஷம் மச்சான். கடைசி வருஷம். புள்ளைய வெச்சி வேண்டுனது."

பெண் அப்போது வாசலில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவள் குரல் மட்டும் உரக்கக் கேட்டது. அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் இந்தக் குரலுக்கு இடமே இருந்திருக்காது என்று நினைத்தேன்.

"நான் நடக்கிறேன்" என்றேன்.

தம்பி சிரித்துவிட்டான். "நீயா? சிதம்பரத்துக்குப் பஸ்ல வர்றதுக்கே மூணு தடவை போன் பண்ணுவ. டயர் சத்தம் ஒரு மாதிரி இருக்குதும்ப."

இவர் சிரிக்கவில்லை. பிறகு எழுந்து போய் ஆணியிலிருந்து பையை எடுத்து வந்து தலைகீழாகக் கொட்டினார்.

"குடை வேணாம். புதுச்சத்திரத்துல மழை புடிச்சா ரெண்டு டீக்கடை இருக்கு, ஒதுங்கிக்கலாம். பிஸ்கட்டு வேணாம், வழி பூரா கூப்ட்டுக் கூப்ட்டு சோறு போடுவாங்க. தலைக்குக் கட்ட ஒரு துண்டு வை. கொள்ளிடம் பாலத்துல காத்து ஜாஸ்தி, முந்தானைய இறுக்கிச் செருகிக்கணும். பாலம் நீளமா இருக்கும், கீழ பாக்காத. நாணல் பூத்திருந்தா பாரு, நல்லாருக்கும். சீர்காழி தாண்டி ஒரு புளியமரம் வரும், அங்க உக்காந்தா எழுந்திரிக்க மனசு வராது. உக்காராத."

அவர் சொல்லிக்கொண்டே போக, சிதம்பரத்துக்கு அப்பால் இருந்த மேகம் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. முதலில் பாலம். பிறகு நாணல். ஆறு வருஷம் அவர் நடந்து வந்தும் இதையெல்லாம் நான் அவரிடம் கேட்டதே இல்லை. கால் வலித்ததா, சாப்பிட்டீர்களா, இதைத்தான் கேட்டிருக்கிறேன்.

கடைசியில் பையில் ஒரு துண்டும், இரண்டு புடவையும், பெண்ணின் போட்டோ ஒன்றும்தான் இருந்தன. போட்டோவை ஆறு வருஷமும் அவர் சட்டைப் பையில் கொண்டுபோயிருக்கிறார். அதுவும் எனக்கு அன்றுதான் தெரியும்.

வியாழக்கிழமை மதியம் மாதா கோயிலுக்குப் போனோம். எங்கள் குழுவைக் கூட்டிப்போகிறவர் ஆட்டோ ஓட்டும் பெரியவர். விஷயத்தைச் சொன்னதும், "ஒரு வீட்டு வேண்டுதல்தானேம்மா. யார் கால் நடந்தா என்ன?" என்றார். இவர் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். மணிகள் இன்னும் சூடாக இருந்தன.

வாசலில் என் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். இவர் செருப்பு எடுத்து வரவே இல்லை. பதினைந்து நாள் பழக்கம், மறந்துவிட்டார். தம்பி தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தான். இவருக்கு அது பெரியது. மாட்டிக்கொண்டு நாலு அடி வைத்து, தன் காலையே வேறு யாருடையதோ போலக் குனிந்து பார்த்தார்.

"அப்ப நான் எதுக்கு சும்மா வெறுங்கால்ல வர்றேன்? எந்தக் கணக்குல சேரும் இது?" என்று தம்பி சூடு தாங்காமல் துள்ளிக்கொண்டே முன்னால் ஓடினான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் தெரு மணல் எனக்கும் சுட்டது. ஒவ்வொரு பொடிக்கல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. பத்தடி முன்னால் டப் டப் என்று போய்க்கொண்டிருந்தவர் நின்று திரும்பினார்.

"நடுவுல வராத. ஓரமா, நெழலு பாத்து வா."