உப்பங்கழியில் இறங்கிய மதுரைக்காரர்கள்

பித்தளைப் பூண் போட்ட ஒரு கைத்தடி. எங்கள் மேலாளரை நினைத்தால், அவர் முகத்துக்கும் முந்திக்கொண்டு எனக்கு அதுதான் வந்து நிற்கும். அந்த ஆள் போய்ச் சேர்ந்து பல வருஷமாயிற்று. என் எரிச்சல் மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை. கால் இரண்டும் நன்றாக இருந்த மனுஷனுக்குத் தடி எதற்கு என்று மதுரை அலுவலகத்தில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அரைமணி நேரம் பதில் சொல்லியிருப்பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவருக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. இயற்கையையும் சரித்திரத்தையும் நடந்தே பார்க்க வேண்டுமாம். வண்டியூர் தெப்பக்குளத்தை நாலு சுற்றுச் சுற்றினால் போதாதா? போதாது, கடல்தான் வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை விடியலில் வேன் பிடித்து எங்களை ராமநாதபுரத்துக் கடற்கரைக்கு ஓட்டிக்கொண்டு போவார். வராதவனுக்கு அந்த மாதம் லீவு கிடைக்காது. இதில் எங்களுக்கு ‘இயற்கை ஆர்வலர்கள்’ என்று பட்டம் வேறு.

அந்தக் கரை அழகுதான், அவர் வாயைத் திறக்காத வரை. பனங்காட்டைத் தாண்டினால் தாழம்புதர், அதற்கப்பால் கண் கூசும் மணல், உப்பங்கழியின் முழங்கால் தண்ணீரில் வெளிறிய சிவப்பில் பூநாரைகள். அவர் தடியை நீட்டி, “சைபீரியாலேர்ந்து வந்திருக்கு” என்பார். எந்தப் பறவையைக் கண்டாலும் சைபீரியாதான். காக்கையை மட்டும் விட்டுவைத்தார். ஒருமுறை இடிந்த செங்கல் சுவர் ஒன்றைப் பாண்டியர் சுங்கச்சாவடி என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். விறகு பொறுக்கிக்கொண்டிருந்த மீனவப் பெண் ஒருத்தி, “அது உப்புக் கொட்டடிங்கய்யா. எங்க மாமனாரு அதுலதான் வேலை பாத்தாக” என்றாள். “உங்க மாமனாருக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னு நீ பாத்தியாம்மா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். வெட்கக்கேடு.

கள்ளுக்கடைகள் திறந்திருந்த காலம் அது. பனையோலைப் பட்டையில் கள்ளை வாங்கி, முகர்ந்து, வாயில் வைத்துக் கொப்பளித்து, “இதுதான்யா நம்ம ஊரு ஒயின். கடக்காத்து இதுல இறங்கியிருக்கு, தெரியுதா?” என்பார். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் புளித்த வாடைதான். தெரியுது சார் என்போம்.

என் பக்கத்து மேஜை டைப்பிஸ்ட் ஆனையூர்க்காரன். அவனுக்கு நான் மாப்ள, எனக்கு அவன் மாப்ள. கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வரமாட்டேன் என்றவனை, “லீவு வேணும்ல, வாடா” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இழுத்துப்போனவன் நான்.

நல்ல கோடை. உப்பங்கழி வற்றி, தரை வெடித்துக் கிடந்தது. மறுகரையில் ஒரு கல்தூண் தெரிந்தது. சுற்றிப் போனால் இரண்டு மைல். மூன்றாவது பட்டையை முடித்திருந்த மேலாளர், குறுக்கே போய்விடலாம் என்றார். அதே மீனவப் பெண் பதறிக்கொண்டு வந்தாள். “அய்யா, அதுல இறங்காதீக. மேல காஞ்சிருக்கும், உள்ள சேறு. எங்க ஆடே இறங்காது.”

“நாங்க மதுரைக்காரங்கம்மா. கண்மாய்க்குள்ள நடந்தே வளந்தவங்க. காஞ்ச தரை எங்களுக்குத் தெரியாதா?”

அதுதான் எங்கள் கோளாறு. எங்கள் பக்கத்தில் கோடை வந்தால் கண்மாயின் நடுவேதான் வழி. வெடித்த தரையைக் கண்டால் கால் தானாக இறங்கும். அவர் ஓரத்தில் தடியால் இரண்டு தட்டுத் தட்டி, “சிமெண்டு கணக்கா இருக்கு. நீ முன்னால போப்பா, நான் பின்னாலயே வாரேன்” என்று டைப்பிஸ்டை அனுப்பினார்.

இருபது அடி போயிருப்பான். உப்புப் பூத்த மேல்தரை உடைந்து முழங்கால் வரை இறங்கினான். காலை உருவப் பார்த்தான், இடுப்பு வரை போய்விட்டது. “மாப்ள, காலுக்குக் கீழ ஒண்ணுமே இல்லடா!” என்று அலறினான். நாலடி பின்னால் நின்ற மேலாளர் தடியை நீட்டியிருந்தால் அவனுக்கு எட்டியிருக்கும். அவரோ தடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வந்து கரையேறினார். ஏறிய பிறகு, “அசையாதே!” என்று அவனுக்கு உத்தரவு போட்டார். அந்தப் பெண்தான் பனை ஓலைகளை மட்டையோடு இழுத்து வந்து சேற்றின்மேல் பரப்பி, குப்புறப் படுத்து ஊர்ந்து போய், அவன் அக்குளில் வலைக்கயிற்றைக் கட்டினாள். நாங்கள் இழுத்தோம். அவன் கரைக்கு வந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தபோது, “இங்க ஒரு போர்டு வச்சிருக்கலாம்ல?” என்று மேலாளர் அவளிடம் கோபித்துக்கொண்டார். தூ!

அடுத்த மாதம் அலுவலக ஆண்டு விழா. மேடையேறிய மேலாளர், தன் கைத்தடியை நீட்டி ஓர் ஊழியனின் உயிரைக் காப்பாற்றிய கதையைச் சொன்னார். அந்தப் பெண் கதையில் இல்லவே இல்லை. முன்வரிசையில் டைப்பிஸ்ட் தலைகுனிந்திருந்தான். அவன் மனைவி குழம்பிப்போய் அவனையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்தாள். “நேர்ல பாத்தவரே இருக்காரு, கேளுங்க” என்று மேலாளர் என்னைக் காட்டினார். என் பதவி உயர்வுக் கோப்பு அப்போது அவர் மேஜையில் இருந்தது. எழுந்து நின்றேன். “ஆமா சார். நீங்க இல்லேன்னா அவன் இல்ல” என்றேன். கைதட்டல். அவள் எழுந்து அந்த ஆளைக் கும்பிட்டாள்.

வாசலில் அவன் என்னை நிறுத்தினான். “அந்த ஆளு பொய் சொல்வாருன்னு தெரியும். நீ சொல்வேன்னு தெரியாது மாப்ள. நடந்ததை வீட்ல சொல்லியிருந்தேன். இப்ப நான்ல பொய்யனாயிட்டேன்.”

பதவி உயர்வு வந்தது. இனிப்பு வாங்கிக்கொண்டு ஆனையூருக்குப் போனேன். அவன் மனைவிதான் கதவைத் திறந்தாள். “வாங்கண்ணே. சார் நல்லா இருக்காரா? வெள்ளிக்கிழமை தவறாம அவரு பேரச் சொல்லித்தான் வெளக்கேத்துறேன். இவருக்குத்தான் அம்புட்டு நன்றி கிடையாது” என்றாள்.

நல்லா இருக்காரும்மா என்றேன். உள்ளே இருந்தவன் வெளியே வரவில்லை.