ஏழாம் நம்பர் பூட்ஸ்

அப்பாவின் கால் எட்டாம் நம்பரா ஒன்பதாம் நம்பரா என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது. ரப்பர் செருப்பு வாங்கப் போனால், கடையில் தொங்குவதில் ஒரு ஜோடியை இறக்கித் தரையில் போட்டு, அதன்மேல் ஏறி நின்று பார்ப்பார். குதிகால் கொஞ்சம் வெளியே நின்றாலும் சரி, செருப்பு கொஞ்சம் பின்னால் நீண்டாலும் சரி, அவருக்குப் பொருந்திவிடும். அப்படிப்பட்டவர் பூட்ஸ் வாங்க வேண்டி வந்தது நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம்.

செங்கோட்டை ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருந்த ஒரு கிரஷரில் அப்பாவுக்கு வேலை. பாறையை மெஷின் மென்று ஜல்லியாகத் துப்பும். மெஷினின் வாய்க்குள் நுழையாத கல்லைச் சம்மட்டியால் அடித்துச் சிறிதாக்கித் தள்ளிவிடுவது அப்பாவின் பாடு. அந்த ஜல்லி புளியறை வழியாக லாரி லாரியாகக் கேரளத்துக்குப் போய் யார் யாருக்கோ வீடாகிக்கொண்டிருந்தது. இங்கே எல்லோரும் ரப்பர் செருப்போடுதான் நின்றார்கள். ஒருநாள் ஒருவர் காலில் கல் விழுந்து விரல்கள் போயின. அதிகாரிகள் ஜீப்பில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். முதலாளிக்கும் தொழிலாளிகளின் காலைப் பற்றித் திடீரென்று கவலை வந்துவிட்டது. திங்கட்கிழமை முதல் பூட்ஸ் போடாதவனுக்கு வேலை கிடையாது, பூட்ஸை அவனவனே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் தென்காசிக்குப் போனோம். அம்மா கல்யாண வீட்டுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். கடையில் அவள்தான் முதலில் பூட்ஸைக் கையில் வாங்கினாள். அடிப்பாகத்தை வளைத்துப் பார்த்தாள், தையலை நகத்தால் நெருடிப் பார்த்தாள், தேங்காயைத் தட்டுவதுபோல முனையைத் தட்டிப் பார்த்தாள். உள்ளே இரும்புத் தகடு இருக்கிறது, கல் விழுந்தாலும் விரலுக்கு ஒன்றும் ஆகாது என்றார் கடைக்காரர். எனக்கு அப்போதே அப்பா ஒரு போலீஸ்காரர் ஆகிவிட்டதாகத் தோன்றியது.

கடைக்காரர் அப்பாவின் காலை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒன்பதாம் நம்பரை எடுத்துக் கொடுத்தார். அப்பா போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே நடந்தார்.

“போட்ட மாதிரியே இல்லியே. கழண்டு விழுந்துரும் போலுக்கு.”

எட்டு வந்தது. அதையும் போட்டு நடந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கடைக்காரர் குனிந்து முனையை அமுக்கிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, விரல் முட்டிக்கிட்டு நிக்கி. இதே டைட்டுதான்.”

“என் காலு எனக்குத் தெரியாதாவே? அடுத்ததை எடும்.”

ஏழாம் நம்பருக்குள் கால் லேசில் போகவில்லை. கடைக்காரர் பின்னாலிருந்து தள்ள, அம்மா முன்னாலிருந்து இழுத்துவிட்டாள். அப்பா எழுந்து நின்றார். ஒரு காலைத் தரையில் தட்டினார். பிறகு மற்றதையும் தட்டினார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“ஆங்! இதுதான் காலைப் பிடிக்கி.”

“நல்லா நடந்து பாருங்க. கடிக்குதா?” என்றாள் அம்மா.

“கடிச்சா சொல்ல மாட்டனா?”

தோல்தானே, போடப் போட இளகிவிடும் என்று கடைக்காரரும் விட்டுவிட்டார். காலுறை வேண்டுமா என்று கேட்டதற்கு, அதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு என்று அப்பா என்னைக் காட்டிச் சிரித்தார். வெளியே வந்து டீ குடித்தோம். அப்பா சீனி போட்டே குடித்தார், அம்மா முறைத்தாள். அப்பாவுக்குச் சுகர் இருந்தது. எங்கள் தெருவில் யாருக்குத்தான் இல்லை? மாத்திரை அட்டை டிவி மேல் கிடக்கும். ஞாபகம் வந்த நாளில் போட்டுக்கொள்வார்.

கிரஷரில் அந்த வாரம் முழுவதும் ஒரே புலம்பல். பூட்ஸ் கடித்துக் கொப்புளம் வராத ஆளே இல்லையாம். மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பினால் கழற்றி வைத்துவிட்டு, வருவது தெரிந்தால் மாட்டிக்கொள்வார்களாம். அப்பா மட்டும் காலையில் போட்டதைச் சாயங்காலம் வீட்டு வாசலில்தான் கழற்றினார். “பாத்து எடுக்கணும்லா” என்று அம்மாவிடம் பீற்றிக்கொண்டார். பூட்ஸை மாற்றி வாங்கப் போகிறவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து யோசனை கேட்கிற அளவுக்கு அவர் பெயர் பரவிவிட்டது. “காலைக் கவ்விப் பிடிக்கணும்வே, அதுதான் பூட்ஸு” என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். வாழ்க்கையில் யாரும் அதற்கு முன்னால் அவரிடம் யோசனை கேட்டதில்லை.

ஒருநாள் சாயங்காலம் நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினார். சிமெண்டுத் தரையைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்தது.

“ஏட்டி, தரையில என்னத்தக் கொட்டி வச்சிருக்க?”

நான் ஒன்றும் கொட்டவில்லை. சிவப்பாகத் திட்டுத் திட்டாக இருந்தது. எங்கிருந்து வருகிறது என்று அப்பாவே தேட ஆரம்பித்தார். வாசலுக்குப் போனார், அடுக்களைக்கு வந்தார், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். அவர் போன இடத்திலெல்லாம் புதிதாகத் திட்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. அம்மா வந்து பார்த்து அலறிய பிறகுதான் அவர் தன் வலது காலைத் தூக்கிப் பார்த்தார்.

பெருவிரல் பக்கத்தில் தோலே இல்லை. அம்மா பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டியபோது ரத்தத்தோடு ஒரு நகமும் விழுந்தது.

“வலிக்கவே இல்லியே” என்றார் அப்பா. வேறு யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் நான் அதைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். நகம் பிய்ந்து விழுந்தும் எங்க அப்பாவுக்கு வலிக்கவில்லை, உங்க அப்பாவால் முடியுமா என்று கேட்டேன். ஒருத்தி அப்பாவாலும் முடியாது என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அது குற்றாலத்தில் சாரல் காலம். வெளியூர்க்காரர்கள் அருவிக்குக் குளிக்க வருவார்கள். எங்கள் பக்கத்தில் வைத்தியத்துக்கும் போவோம். மலைமேல் இருக்கிற வேரையும் இலையையும் நனைத்துக்கொண்டு வருகிற தண்ணீர், அது பட்டால் ஆறாத புண்ணே கிடையாது என்று எல்லோரும் சொன்னார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிக்குப் போனோம். அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று, புண் பட்ட காலை மட்டும் தண்ணீருக்குள் நீட்டினார். எண்ணெய் தேய்த்த ஆட்கள் அவரை இடித்துக்கொண்டு போனார்கள். ஊறி வெளுத்துப்போன காலைப் பார்த்துவிட்டு, புண் சுத்தமாகிவிட்டது என்று அம்மா நிம்மதியானாள். திங்கட்கிழமை அதே காலை அதே பூட்ஸுக்குள் நுழைத்துக்கொண்டு அப்பா வேலைக்குப் போனார். போகாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அருவிக்குப் போனோம். அதற்குப் பிறகு காய்ச்சல் வந்தது. கால் கறுத்தது, வீட்டில் ஒரு நாற்றம் வந்தது. எலி செத்துக் கிடக்கிறதோ என்று அம்மா முதலில் பரணையெல்லாம் தேடினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா காலில் சுற்றியிருந்த துணிக்கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சர்க்கரையால் காலில் உணர்ச்சி போய் வெகுநாளாகிவிட்டது என்றார். அதனால்தான் சரியான அளவு அவருக்கு லூசாகத் தெரிந்திருக்கிறது, நெரிக்கிற அளவுக்கு இறுகிய பிறகுதான் காலில் ஏதோ இருப்பதே தெரிந்திருக்கிறது. விஷம் மேலே ஏறுகிறது, முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்றார்.

அம்மா அழுதுகொண்டே வந்து அப்பாவிடம் சொன்னாள். டாக்டரம்மாவும் பின்னாலேயே வந்து நின்றார். அப்பா அழவில்லை. எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

“உணர்ச்சி இருக்கு டாக்டரம்மா. உணர்ச்சி இருக்க காலை எதுக்கு எடுக்கணும்? நீங்களே சோதிச்சுப் பாருங்க.”

டாக்டரம்மா கோட்டுப் பையிலிருந்து தூண்டில் நரம்பு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்த சிறு குச்சியை எடுத்தார். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், நான் தொடும்போது சொல்லுங்கள் என்றார். அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கைகளாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

“இப்போ?”

“தெரியுது.”

“இப்போ?”

“நல்லா தெரியுது டாக்டரம்மா.”

டாக்டரம்மா குச்சியைப் பைக்குள் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. அப்பாவின் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. கண்ணைத் திறக்காமலே, “இப்பவும் தெரியுது… இந்தா, இப்பவும் தெரியுது…” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அப்பா காப்பியடித்து மாட்டிக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. அம்மா என் வாயைப் பொத்தினாள். பெரிய ஆட்கள் கெஞ்சும்போது அழுவார்கள், காலில் விழுவார்கள் என்று எனக்குத் தெரியும். இப்படியும் கெஞ்சுவார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.